கழிவுக் கணக்கில் விடுபட்டவர்கள்

நெளி அட்டைப்பெட்டியைப் போல முழுமையாக மறுசுழற்சிக்குச் செல்லும் பொருள் வேறில்லை என்று காகித ஆலை அதிபர்கள் மேடைதோறும் பேசி வருகின்றனர். ஒரு வகையில் அது உண்மையே. நம் நாட்டின் தெருவில் கிடக்கும் பிளாஸ்டிக் உறையை ஆண்டுக்கணக்கில் யாரும் சீண்டுவதில்லை. அட்டைப்பெட்டியோ ஒரு பகல் பொழுதுகூடக் கேட்பாரற்றுக் கிடப்பதில்லை. அதற்கு விலை உண்டு, எடுப்பதற்குக் கைகள் உண்டு. நாட்டின் காகித உற்பத்தியில் பெரும்பகுதி இன்று மரத்திலிருந்தோ மூங்கிலிலிருந்தோ வரவில்லை. பழைய காகிதத்திலிருந்தும் பழைய அட்டையிலிருந்துமே வருகிறது. பெட்டி செய்யப் பயன்படும் பழுப்பு நிறக் கிராஃப்ட் காகிதத்தில் இந்தப் பங்கு இன்னும் அதிகம்.

ஆனால் இந்தப் பெருமையைப் பேசுவோர் எவரும், பெட்டி ஆலைக்குத் திரும்பும் வழியில் யாருடைய முதுகு வளைகிறது, ஆலையிலிருந்து வெளியேறும் நீர் யாருடைய வயலுக்குப் போகிறது, கூழ்த் தொட்டிக்குள் இறங்குவது யார் என்ற கேள்விகளுக்கு விடை சொல்வதில்லை. இந்தக் கேள்விகளை இப்போது எழுப்புவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காகிதம், கண்ணாடி, உலோகம் ஆகியவற்றால் ஆன பொதி பொருட்களுக்கு உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பை விதிக்கும் வரைவு விதிகளை ஒன்றிய அரசு 2024 டிசம்பரில் வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் அவை நடைமுறைக்கு வர வேண்டும் என்பது வரைவின் திட்டம். பிளாஸ்டிக் பொதிகளுக்கு 2022 முதல் இருந்து வரும் ஏற்பாட்டை அட்டைப்பெட்டிக்கும் நீட்டிப்பதே இதன் சாரம். பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்துவது சரியானது. அதை நாம் எதிர்க்கப் போவதில்லை. அந்தப் பொறுப்பு எந்த வழியில் நிறைவேற்றப்படுகிறது, அதற்காகச் செலவிடப்படும் பணம் யாருடைய கைக்குச் சேருகிறது என்பதே நமது கவலை.

தொழிற்சாலை அட்டைக் கழிவு என்றால் என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலைக்குள் நாள்தோறும் நூற்றுக்கணக்கான பெட்டிகளில் பாகங்கள் வந்து இறங்குகின்றன. பாகங்கள் பொருத்தும் வரிசைக்குப் போகின்றன. பெட்டிகள் பின்வாசலில் குவிகின்றன. ஈரம் படாத, எண்ணெய் படாத, ஒரே தரத்திலான இந்த அட்டை ஆலைகளுக்கு மிக விருப்பமான கச்சாப்பொருள். எனவே அது ஒருபோதும் குப்பை வண்டிக்குள் ஏறுவதில்லை. ஆண்டு ஒப்பந்தத்தின் கீழ் ஸ்கிராப் ஒப்பந்ததாரருக்கு எடைக்கு விற்கப்படுகிறது. மானேசர், நொய்டா, சாக்கன், வாபி என்று எந்தத் தொழிற்பேட்டைக்குப் போனாலும் இந்த ஒப்பந்தம் யார் கையில் இருக்கிறது என்பது ஊரறிந்த செய்தி. நிலம் கொடுத்த ஊரின் பெரிய மனிதர்கள், ஆளும் கட்சியின் உள்ளூர் புள்ளிகள், அவர்களுக்கு வேண்டிய அடியாட்கள். புனே அருகே சாக்கன் பகுதியிலும் டெல்லியை ஒட்டிய நொய்டா பகுதியிலும் தொழிற்சாலை ஸ்கிராப் ஒப்பந்தங்களுக்காக நடக்கும் மிரட்டல்கள் காவல்துறையின் வழக்குப் பதிவுகளிலேயே இடம்பெற்றுவிட்டன. தொழிற்சங்கம் அமைக்க முயன்ற தொழிலாளியை வாயிலில் மறித்து அடிப்பதற்கு வரும் ஆட்கள் பல இடங்களில் இந்த ஒப்பந்ததாரரின் ஆட்களே என்பதைத் தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் நமது தோழர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நிர்வாகத்துக்குக் கழிவும் வெளியேறுகிறது, காவலும் கிடைக்கிறது.

இது ஒரு நீரோட்டம். இன்னொரு நீரோட்டம் நகரத்தின் தெருக்களிலிருந்து வருகிறது. கடைகள் திறக்கும் முன் விடியலில் கிளம்பும் பெண்கள், மூன்று சக்கர மிதிவண்டியில் தெருத்தெருவாகச் செல்லும் கபாடிவாலாக்கள், அவர்களிடமிருந்து வாங்கும் சிறு கடைக்காரர், அவருக்கு மேலே தரம் பிரிக்கும் கிடங்கு, அதற்கும் மேலே அழுத்திக் கட்டும் இயந்திரம் வைத்திருக்கும் மொத்த வியாபாரி, கடைசியாக ஆலையின் கொள்முதல் அலுவலர். இந்தப் படிக்கட்டில் ஒவ்வொரு படி ஏறும்போதும் விலை கூடுகிறது. உழைப்பின் கடுமையோ கீழ்ப்படியில்தான் அதிகம். பெட்டியிலிருந்து ஒட்டுநாடாவையும் பின்களையும் அகற்றுவது, நனைந்ததைத் தனியே காயவைப்பது, எண்ணெய் படிந்ததை ஒதுக்குவது ஆகிய அனைத்தும் கீழ்ப்படியின் வேலை. ஈரம் இருக்கிறது என்று சொல்லி எடையில் கழிப்பது மேல்படியின் உரிமை. அந்தக் கழிவு விகிதத்தை யார் அளந்தார்கள், எந்தக் கருவியால் அளந்தார்கள் என்று கேட்கும் வழக்கம் இல்லை. கண்ணால் பார்த்துச் சொன்னால் சொன்னதுதான். மழைக்காலத்தில் இது பகல் கொள்ளையாகிறது.

சாதியை விட்டுவிட்டு இதைப் பேசுவது அரைகுறைப் பேச்சாகும். நாடு முழுவதும் கழிவு பொறுக்குவோரில் பெரும்பான்மையினர் தலித் மக்கள். வட இந்திய நகரங்களில் அவர்களோடு ஏழை இஸ்லாமியரும் வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் பிழைக்க வந்தவர்களும் சேர்கின்றனர். பின்னவர்களை 'வங்கதேசிகள்' என்று முத்திரை குத்தி, அவர்களது குடிசைகளையும் அட்டைக் குவியல்களையும் ஒருசேரப் புல்டோசரால் தள்ளுவது பாஜக ஆட்சிகளின் அன்றாட அரசியலாகிவிட்டது. அந்தக் குவியல் அவர்களது பல நாள் கூலி என்பது புல்டோசரை அனுப்பும் அதிகாரிக்குத் தெரியாததல்ல.

மார்க்சின் 'மூலதனம்' முதல் தொகுதி 1867 இல் வெளிவந்தபோது காகிதத்தின் கச்சாப்பொருள் கந்தல் துணி. இயந்திரத்தொழில் பற்றிய அத்தியாயத்தில், கந்தல் தரம் பிரிக்கும் பெண்களின் வேலையை மிக இழிவான கூலியும் மிகுந்த அழுக்கும் கொண்ட உழைப்பாக அவர் விவரிக்கிறார். உலகின் பல மூலைகளிலிருந்தும் கந்தல் பிரிட்டனுக்கு வந்து குவிந்ததையும், அதன் வழியே பெரியம்மை பரவியதையும், அதற்கு முதல் பலி அந்தப் பெண்களே என்பதையும் அவர் பதிவு செய்கிறார். மூன்றாம் தொகுதியில் உற்பத்தியின் கழிவுகளைப் பயன்படுத்துவது குறித்துத் தனிப்பகுதியே இருக்கிறது. கச்சாப்பொருள் விலை ஏறும்போதுதான் முதலாளிக்குக் கழிவின் மீது அக்கறை பிறக்கிறது என்பதை அங்கே காணலாம். இன்றைய 'சுழற்சிப் பொருளாதாரம்' என்ற பளபளப்பான சொல்லுக்குப் பின்னால் இருப்பதும் இந்தப் பழைய கணக்குத்தான்.

ஆலைக்குள் நடப்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். பேல் கட்டுகள் ஹைட்ரா பல்ப்பர் எனப்படும் பெரும் தொட்டியில் தண்ணீரோடு கலக்கப்பட்டுக் கூழாகின்றன. அட்டையை ஒட்டியிருந்த மாவுப் பசை நீரில் கரைகிறது. ஒட்டுநாடா, பிளாஸ்டிக், கம்பி, மணல் ஆகியவை பிரிக்கப்பட்டு வெளியே தள்ளப்படுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகிறது. ஐந்தாறு முறைக்கு மேல் அது தாங்குவதில்லை. தாங்காத நார் கசடாக வெளியேறுகிறது. ஆகவே மறுசுழற்சி என்பது முடிவற்ற வட்டமன்று. வெளியிலிருந்து புதிய, நீண்ட நார் வந்துகொண்டே இருக்க வேண்டும். கிராஃப்ட் என்ற ஜெர்மானியச் சொல்லுக்கு வலிமை என்று பொருள். அந்த வலிமை நம் நாட்டு அட்டையில் சுற்றுக்குச் சுற்றுக் குறைவதால், அமெரிக்க, ஐரோப்பியப் பெட்டிகளின் நீண்ட நாருக்காக ஆலைகள் இறக்குமதியை நம்பியிருக்கின்றன.

கரைந்த மாவுப் பசையும் நுண்ணிய நாரும் கழிவுநீரில் சேரும்போது அது ஆற்றின் உயிர்க்காற்றை உறிஞ்சிவிடுகிறது. மேற்கு உத்தரப்பிரதேசத்தின் முசாபர்நகரில் காகித ஆலைகள் நெருக்கமாக அமைந்துள்ளன. அங்கே ஓடும் காளி ஆறு ஹிண்டனில் கலக்கிறது. ஹிண்டன் யமுனைக்குச் செல்கிறது. சர்க்கரை ஆலை, சாராய ஆலை, காகித ஆலை, நகரச் சாக்கடை ஆகிய நான்கும் சேர்ந்து அந்த ஆறுகளைக் கொன்றுவிட்டன. கரையோரக் கிராமங்களில் கைப்பம்பு நீரும் குடிக்க உதவாது போயிற்று. ஆலைக்குள் நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் தொழில்நுட்பம் புதியதல்ல. கங்கைப் படுகை ஆலைகளுக்கென மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தனிச் சாசனமே வகுத்து ஆண்டுகள் பலவாயின. கருவி இருக்கிறது, இரவில் அதை ஓட்டுவதற்கான மின்கட்டணம்தான் முதலாளிக்குக் கசக்கிறது. குஜராத்தின் வாபியில் காகித ஆலைகள் வேதித் தொழிற்சாலைகளோடு கலந்து நிற்கின்றன. 2009 இல் மத்திய வாரியம் வெளியிட்ட மாசுக் குறியீட்டில் அங்கலேஷ்வருக்கு அடுத்த இரண்டாம் இடம் வாபிக்கு. 'குஜராத் முன்மாதிரி' என்று அப்போது தேசத்துக்கு விற்கப்பட்டதும் இதே ஆண்டுகளில்தான்.

சீனா 2017 இல் வெளிநாட்டுக் குப்பைக்குக் கதவடைக்கத் தொடங்கியது. 2018 முதல் கலப்புக் கழிவுக்காகிதத்தை நிறுத்தியது. 2021 ஜனவரி 1 முதல் திடக்கழிவு இறக்குமதி முழுவதையும் தடை செய்தது. அதுவரை அங்கே சென்ற கப்பல்களின் ஒரு பகுதி தென்கிழக்கு ஆசியாவுக்கும் இந்தியாவுக்கும் திரும்பியது. கழிவுக்காகிதம் என்ற பெயரில் வந்த பேல்களுக்குள் பிளாஸ்டிக் உறைகளும் வீட்டுக் குப்பையும் இருந்தன. வட அமெரிக்க வீடுகளுக்குப் பொருள் கொண்டுசென்ற பெருநிறுவனங்களின் உறைகள் முசாபர்நகரில் எரிக்கப்படுவதை 2022 இறுதியில் சர்வதேசச் செய்தி நிறுவனம் ஒன்று வெளிக்கொணர்ந்தது. ஆலைகள் பிரித்தெறியும் பிளாஸ்டிக் அங்குள்ள வெல்ல ஆலைகளின் அடுப்பு வரை சென்றிருக்கிறது. கரும்புச் சக்கைக்கு வேறு இடத்தில் விலை கிடைக்கிறது, பிளாஸ்டிக் ஏறத்தாழ இலவசமாகக் கிடைக்கிறது என்றால் சிறு வெல்ல உற்பத்தியாளர் எதை எரிப்பார்? நியூயார்க்கில் எவரோ பிரித்துப்போட்ட உறையின் புகையில் நம் ஊர் வெல்லம் காய்ச்சப்படுகிறது. 'ஆத்மநிர்பர் பாரத்' என்று நாள்தோறும் முழங்கும் அரசு, துறைமுகத்தில் ஒவ்வொரு பெட்டகத்தையும் திறந்து பார்க்கும் அளவுக்குச் சுங்கத் துறைக்கு ஆளும் கருவியும் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது.

இங்கே ஒரு முரண்பாட்டையும் கவனிக்க வேண்டும். இறக்குமதிக் கழிவு மலிவாகக் குவியும் மாதங்களில் உள்நாட்டு அட்டையின் விலை விழுகிறது. அந்த வீழ்ச்சியை மொத்த வியாபாரி தாங்குவதில்லை, கபாடிவாலாவும் தாங்குவதில்லை. நாள் முழுவதும் நடந்து சேர்த்த பெண்ணின் கூலியில்தான் அது இறங்குகிறது. விலை ஏறும்போது அதே வேகத்தில் அவர் கைக்கு ஏறுவதுமில்லை. விவசாயிக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கேட்கிறோம். உழைத்துச் சேர்த்த கச்சாப்பொருளை விற்கும் இந்த உழைப்பாளிக்கு அப்படி ஒரு கோரிக்கையை நாம் இதுவரை உரக்க எழுப்பியதில்லை. எழுப்ப வேண்டும் என்பது இந்தக் கட்டுரையாளரின் கருத்து.

ஆலைத் தொழிலாளிக்கு வருவோம். 2020 மே மாதம், விசாகப்பட்டினத்தில் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையின் நச்சுவாயு நாட்டையே உலுக்கிய அதே நேரத்தில், சத்தீஸ்கரின் ராய்கர் மாவட்டத்தில் ஒரு காகித ஆலையில் ஏழு தொழிலாளர்கள் நச்சுவாயுவால் தாக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஊரடங்கால் மூடிக் கிடந்த ஆலையைத் திறப்பதற்காக, கழிவுக்காகிதம் தேங்கி அழுகிக்கொண்டிருந்த தொட்டியைச் சுத்தம் செய்ய அவர்கள் அனுப்பப்பட்டிருந்தனர். விசாகப்பட்டினத்தின் பேரழிவுச் செய்தியில் ராய்கர் கரைந்துபோனது. ஆனால் காகித ஆலைகளில் இது புதுமையல்ல. நனைந்த கூழ் காற்றில்லாமல் சில நாட்கள் தேங்கினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிறது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கின் உணர்வே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்து உள்ளே இறங்குபவர் விழுகிறார். அவரைத் தூக்க இறங்கும் அடுத்தவரும் விழுகிறார். காற்றோட்டம் தரும் ஊதுகுழல், வாயுவை அளக்கும் சிறு கருவி, இடுப்பில் கட்டும் கயிறு, மேலே காவலுக்கு ஓர் ஆள் ஆகியவை இருந்தால் தடுக்கக்கூடிய மரணங்கள் இவை. அளக்கும் கருவியின் விலை ஒரு லாரி பேலின் விலையைவிடக் குறைவு. இறங்குபவர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி; பிகார், ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்தவர். அவரது பெயர் ஆலையின் பதிவேட்டில் இருக்கிறதா என்பதே விபத்துக்குப் பிறகுதான் தெரியவரும்.

2025 நவம்பர் 21 அன்று மோடி அரசு நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன்படி மின்சக்தி பயன்படுத்தும் இடம் 'தொழிற்சாலை' என்ற வரையறைக்குள் வர 10 தொழிலாளர் போதும் என்றிருந்தது 20 ஆக உயர்ந்தது. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப் பாதுகாப்பின் எல்லை 20 இலிருந்து 50 ஆனது. நிலையாணைகள் 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு மட்டும் என்றாயிற்று. அட்டைத் தொழிலின் சங்கிலியை இந்த எண்களோடு பொருத்திப் பாருங்கள். பேல் கட்டும் கிடங்கில் பத்துப் பதினைந்து பேர் வேலை செய்வார்கள். அழுத்தும் இயந்திரத்தில் கை நசுங்கும் ஆபத்தும், உலர்ந்த அட்டையில் ஒரு தீப்பொறி விழுந்தால் வெளியேற வழியில்லாத ஆபத்தும் அங்கேதான் அதிகம். பெட்டி தைக்கும் சிறு கூடங்களும் இந்த அளவினவே. ஆலைக்குள் தொட்டி கழுவும் ஒப்பந்தக் குழுவில் ஐம்பது பேர் எங்கும் இருப்பதில்லை. அட்டைச் சங்கிலியில் உயிருக்கு ஆபத்து மிகுந்த மூன்று கண்ணிகளையும் துல்லியமாகக் குறிவைத்துச் சட்டத்துக்கு வெளியே தள்ளியதைப் போல இருக்கிறது. இந்தச் சட்டங்களை எதிர்த்து 2025 ஜூலை 9 அன்று நடந்த பொது வேலைநிறுத்தத்தில் பெரும் ஆலைகளின் சங்கங்கள் கலந்துகொண்டன. கிடங்குத் தொழிலாளி அன்று எங்கே இருந்தார் என்பதை நாம் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது புதிய விதிகளுக்கு வருவோம். இந்த ஏற்பாட்டில் பொதியைச் சந்தையில் இடும் நிறுவனம், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கித் தன் கடமையைத் தீர்த்துக்கொள்ளலாம். சான்றிதழ் ஒரு சரக்காகிறது. அதற்கு விலை உண்டு, சந்தை உண்டு. பிளாஸ்டிக்கில் இதன் கதி என்னவாயிற்று? ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை நான்கே நிறுவனங்கள் உருவாக்கியிருந்ததை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2023 இல் கண்டறிந்தது. மறுசுழற்சியே நடக்காமல் மறுசுழற்சிக்கான காகிதம் மட்டும் கைமாறியது. அட்டையில் நிலைமை வேறு மாதிரியானது. இங்கே மறுசுழற்சி ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அதைச் செய்வது பெயரற்ற லட்சக்கணக்கானோரின் உழைப்பு. அந்த உழைப்பால் ஆலையின் வாசலை அடைந்த அட்டைக்கு ஆலை முதலாளி சான்றிதழ் எழுதி விற்பார். அதாவது இதுவரை நார் மட்டும் கிடைத்த இடத்தில் இனி நாரும் சான்றிதழ்ப் பணமும் கிடைக்கும். பொறுக்கிய பெண்ணுக்கு அதில் ஒரு காசும் சேர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஏற்பாடு இல்லாவிட்டால் சேராது. கழிவு சேகரிப்போரை 'நமஸ்தே' திட்டத்தில் 2024 இல் சேர்த்ததாக அரசு விளம்பரம் செய்கிறது. அடையாள அட்டையும் கையுறையும் தருவது வரவேற்கத்தக்கதே. ஆனால் கையுறையைக் கொடுத்துவிட்டுக் கூலியைப் பற்றிப் பேச மறுப்பதை நலத்திட்டம் என்று அழைக்க முடியாது.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் அட்டைப்பெட்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைச் செய்ய வாங்கும் கிராஃப்ட் காகிதத்துக்கு 18 சதவீதம். கட்டிய வரியைத் திரும்பப் பெறக் காத்திருக்கும் காலத்தில் சிறு பெட்டித் தயாரிப்பாளரின் மூலதனம் முடங்குகிறது. காகிதமும் பெட்டியும் ஒருங்கே செய்யும் பெரிய நிறுவனத்துக்கு இந்த நெருக்கடி இல்லை. 'சேமிப்புத் திருவிழா' என்று பிரதமர் தொலைக்காட்சியில் கொண்டாடிய சீர்திருத்தத்தின் ஒரு முகம் இது.

அட்டையை எரித்து மின்சாரம் எடுப்பது இன்னொரு கொள்ளை. டெல்லியின் ஓக்லாவில் 2012 முதல் இயங்கும் எரிப்பாலையைப் பின்பற்றி நாடெங்கும் இத்தகைய ஆலைகள் திட்டமிடப்படுகின்றன. நம் நாட்டுக் குப்பை ஈரமானது, தானாக எரியாது. நன்றாக எரிய வேண்டுமானால் காகிதமும் அட்டையும் பிளாஸ்டிக்கும் வேண்டும். அதாவது பொறுக்குவோரின் வாழ்வாதாரமே உலையின் எரிபொருள். ஆலைக்கு இத்தனை டன் தருவோம் என்று மாநகராட்சி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின், தெருவில் அட்டை எடுப்பவர் திருடராகிறார். நார் ஐந்தாறு முறை பயன்படக்கூடிய பொருளை ஒரே முறை எரித்துச் சாம்பலாக்கிவிட்டு, அந்த நாருக்காக அமெரிக்காவிலிருந்து கப்பல் வரவழைக்கும் நாட்டை என்னவென்று சொல்வது?

மாற்று இல்லையா என்று கேட்பவர்களுக்குச் சில அனுபவங்களைச் சொல்லலாம். புனேயில் 1993 இல் கழிவு பொறுக்கும் பெண்கள் திரண்டு 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்து' என்ற சங்கத்தை அமைத்தனர். காகிதம், கண்ணாடி, தகரம் சேர்க்கும் உழைப்பாளர் மன்றம் என்பது பெயரின் பொருள். சுமைதூக்கும் தொழிலாளர்களைத் திரட்டிய பாபா ஆதவின் ஆதரவு அதற்கு இருந்தது. மாநகராட்சியின் ஒப்புதல் பெற்ற அடையாள அட்டையும் மருத்துவக் காப்பீடும் அவர்கள் போராடிப் பெற்றவை. பின்னர் உருவான ஸ்வச்ச் கூட்டுறவு, வீடுதோறும் கழிவு சேகரிக்கும் பணியை மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்து நடத்தியது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் தனியார் நிறுவனங்களை நுழைக்க முயற்சி நடக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்கள் வீதிக்கு வருகிறார்கள். இது நம்முடைய சங்கம் அன்று. எனினும் இதிலிருந்து கற்பதில் நமக்குத் தயக்கம் இருக்கலாகாது.

கேரளத்தில் குடும்பஸ்ரீ இயக்கத்தின் அடித்தளத்தில் எழுந்த ஹரித கர்ம சேனையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வீடு வீடாகச் சென்று மக்காத கழிவைச் சேகரிக்கின்றனர். அது உள்ளாட்சி அமைப்பின் பணியாக நடப்பதால் கழிவை எடுப்பவர் திருடராகப் பார்க்கப்படுவதில்லை; சீருடையோடு வாசலுக்கு வருகிறார். பயனர் கட்டணத்தைத் தர மறுப்போர், அது வேண்டாமென்று பிரச்சாரம் செய்வோர் அங்கும் உண்டு; பல ஊராட்சிகளில் அவர்களது மாத வருமானம் இன்னும் போதுமானதாக இல்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதே கேரளத்தில், ஒன்றிய அரசு விற்கத் துணிந்த வெள்ளூர் ஹிந்துஸ்தான் நியூஸ்பிரிண்ட் ஆலையை இடது ஜனநாயக முன்னணி அரசு எடுத்துக்கொண்டு, 2022 இல் கேரளா பேப்பர் புராடக்ட்ஸ் என்ற பெயரில் மீண்டும் ஓட்டியது. பழைய காகிதத்தின் மையை நீக்கிக் கூழாக்கும் பிரிவும் அங்கே உண்டு. 2023 இல் தீ விபத்து, அதன்பின் நடைமுறை மூலதனப் பற்றாக்குறை என்று அந்த ஆலை தள்ளாடியதும் உண்மை. ஆனால் அதே ஹிந்துஸ்தான் காகிதக் கழகத்தின் அசாம் ஆலைகளுக்கு நேர்ந்ததை இதோடு ஒப்பிடுங்கள். கச்சார் ஆலை 2015 இலும் நகான் ஆலை 2017 இலும் நின்றன. பல ஆண்டுகள் சம்பளமின்றி, சிகிச்சைக்கு வழியின்றித் தொழிலாளர்கள் பலர் மாண்டனர். இன்று ஜாகிரோடில் அந்த ஆலை இருந்த நிலத்தில் டாடாவின் செமிகண்டக்டர் தொழிற்சாலை எழுகிறது.

முசாபர்நகர் போன்ற இடங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழும். ஆற்றைக் காக்க ஆலையை மூடச் சொல்வதா, வேலையைக் காக்க ஆற்றை விட்டுக்கொடுப்பதா? தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆலையை மூடச் சொன்னால் முதலில் தெருவுக்கு வருபவர் ஒப்பந்தத் தொழிலாளி. முதலாளி வேறு மாவட்டத்தில் வேறு பெயரில் தொடங்கிவிடுவார். இந்தக் காரணத்தைச் சொல்லிச் சில சங்கங்கள் மாசு பற்றி வாய் திறப்பதில்லை. இது பிழையான நிலை என்பதில் எனக்கு ஐயமில்லை. மாசு செய்யும் ஆலையில் தொட்டிக்குள் இறங்கும் தொழிலாளியும், அதே ஆலையின் நீரைக் குடிக்கும் விவசாயத் தொழிலாளியும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தினர். சுத்திகரிப்பு நிலையத்தை இரவிலும் ஓட்ட வேண்டும், அதை ஓட்டுவோர் நிரந்தரத் தொழிலாளராக இருக்க வேண்டும், மூடல் உத்தரவு வந்தால் அந்த நாட்களின் கூலியை முதலாளியே தர வேண்டும் என்பவை சங்கத்தின் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டியவை. மேற்கு உத்தரப்பிரதேசத்தில் கரும்பு நிலுவைக்காகப் போராடும் விவசாயிகள் சங்கமும் ஆலைத் தொழிலாளர் சங்கமும் காளி ஆற்றின் பெயரால் ஒரே மேடையில் அமர்வது சாத்தியமே.

விதிகளின் மீது நாடாளுமன்றத்திலும் வெளியிலும் நாம் வலியுறுத்த வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. சான்றிதழ் விலையில் குறிப்பிட்ட பங்கு, கழிவு சேகரிப்போரின் கூட்டுறவுகளுக்கு நேரடியாகச் செல்வது கட்டாயமாக்கப்பட வேண்டும். பெருநிறுவனங்களும் மின்வணிகக் கிடங்குகளும் தமது அட்டைக் கழிவை அத்தகைய கூட்டுறவுகளுக்கு முன்னுரிமை அடிப்படையில் விற்க வேண்டும். ஸ்கிராப் ஒப்பந்தம் யாருக்கு, என்ன விலைக்கு என்பது பகிரங்கமாக்கப்பட வேண்டும். ஈரத்துக்கான கழிப்பு அளவுகருவியின்படியே இருக்க வேண்டும். மறுசுழற்சி செய்யத்தக்க அட்டையை எரிப்பது தடை செய்யப்பட வேண்டும். கழிவுக்காகித இறக்குமதியில் பிளாஸ்டிக் கலப்பு இருந்தால் பெட்டகத்தை இறக்குமதியாளர் செலவில் திருப்பி அனுப்ப வேண்டும். இவற்றுள் புரட்சிகரமான கோரிக்கை ஒன்றுமில்லை. முதலாளித்துவச் சட்டத்தின் எல்லைக்குள்ளேயே நிறைவேறக்கூடியவை இவை. அவையும் நிறைவேறவில்லை என்பதே நமது வேலையின் அளவைக் காட்டுகிறது.

கிளைகளில் இதை எங்கிருந்து தொடங்குவது என்று தோழர்கள் கேட்கலாம். தொழிற்பேட்டையில் செயல்படும் கிளை, தன் பகுதி ஆலைகளின் அட்டைக் கழிவு யாருக்குப் போகிறது என்பதை ஒரு மாதத்தில் அறிந்துவிட முடியும். லாரியைப் பின்தொடர்ந்தால் கிடங்கு தெரியும். கிடங்கில் எத்தனை பேர், என்ன கூலி, வருங்கால வைப்பு நிதி உண்டா என்பது தேநீர்க் கடையில் தெரிந்துவிடும். நகரக் கிளைகள் தமது வார்டில் விடியலில் நடக்கும் பெண்களோடு பேசலாம். எந்தக் கடையில் எடை நேர்மையாக இருக்கிறது என்பதில் தொடங்கும் அந்தப் பேச்சு ரேஷன் அட்டைக்கும் குழந்தையின் பள்ளிக்கும் குடிசைக்கு வந்த இடிப்பு நோட்டீசுக்கும் தானாகவே செல்லும். காகித ஆலைச் சங்கங்களில் இருக்கும் தோழர்கள் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் பட்டியலைக் கேட்டுப் பெறட்டும். தொட்டி கழுவுவோரின் பெயர்கள் அதில் இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் அந்தப் பெயர்களைச் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் முதலில் எழுதட்டும்.